ஃபோல்டரைக் கரையேற்றியவர்கள்

குருசடித்துறையில் கடல் முதன்முதலாகக் கோயில் வயர்லெஸ் அறைக்குள் ஏறி வந்தது ஓர் அக்டோபர் மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு. அதற்குப் புயலும் காரணமில்லை, பௌர்ணமியும் காரணமில்லை, செத்துப்போன பத்ரோஸ் பூட்டி வைத்திருந்த கம்ப்யூட்டர் ஃபோல்டர் ஒன்றுதான் காரணம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பத்ரோசுக்கு ஆழ்கடலுக்குப் போகிற போட்டுகளோடு கரையிலிருந்து வயர்லெஸில் பேசுகிற வேலை. இருபது வருஷம் அந்த அறையில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம், மீன் எந்தப் பக்கம், யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் மாமியார் சண்டை, எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறுபக்கம் அனுப்பினான், ஒரு சொல்லைக்கூடத் தெருவில் சிந்தியதில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு எல்லார் குரலையும் பதிவு செய்தான். செய்ததோடு நிற்காமல் கடலுக்குப் போகிற ஆள் ஒவ்வொருவனுக்கும் ஒரு யூசர் பெயரும் ஓர் எண்ணும் கொடுத்து, அவனவன் பேச்சை அவனவன் பெயரிலேயே வைத்து, மொத்தத்தையும் ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டினான். புருஷன் நடுக்கடலிலிருந்து பெண்டாட்டியிடம் பேசினதை மூன்றாம் ஆள் கேட்கலாமா என்பது அவன் நியாயம், அந்த நியாயத்தில் ஒரு தப்பும் இல்லை.

போன வருஷம் நவம்பர் கடைசியில் அடித்த புயலில் மூன்று போட்டுகளும் இருபத்தொன்பது ஆட்களும் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அன்றைக்கு வாயை மூடிய பத்ரோஸ் பிறகு திறக்கவேயில்லை, ஃபாதர் கேட்டும் திறக்கவில்லை, போலீஸ் கேட்டும் திறக்கவில்லை, மே மாதம் நெஞ்சடைத்துச் சாகும்போது கோயில் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதன் முதுகில் பாஸ்வேர்டை எழுதித் தங்கை பெல்சியாள் கையில் வைத்து அழுத்திவிட்டுக் கண்ணை மூடினான்.

பெல்சியாளின் புருஷன் வென்சிலாஸ் அந்த இருபத்தொன்பது பேரில் ஒருவன், மூன்று போட்டுகளுக்கும் முன்னால் போகிற போட்டின் டிரைவர். மற்ற இருபத்தெட்டு பேரின் வீட்டுக்காரர்களும் நாற்பத்தொன்றாம் நாள் ஆளுக்கொரு சட்டையைப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார்கள். பெல்சி மட்டும் சட்டை கொடுக்கவில்லை. இப்போது நவம்பர் இரண்டாம் தேதி வருகிற கல்லறைத் திருநாளுக்குள் எல்லார் பெயரையும் கருங்கல்லில் வெட்டி நாட்டுவதென்று ஊர்க் கமிட்டி முடிவெடுத்து, கல்லும் வந்து இறங்கி, கொத்தனும் வந்து உட்கார்ந்துவிட்ட நிலையில், இவள் பெயரும் தர மாட்டேன் என்றாள்.

"அவரு குரலை நான் கேக்கணும் ஃபாதர். கடைசியா என்ன சொன்னாருன்னு தெரியாம எப்படிச் செத்தவங்க கூட எழுதுகது? கேட்டேன்னா நானே வந்து பேரு தாரேன்" என்று அவள் சொன்னதற்கு, பங்குத்தந்தை ஹிலாரி, பாவம், சின்ன வயசுக்காரர், தலையை ஆட்டினார்.

பெல்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியும், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸும் பிரவுசிங்கும் அவளுடைய கடைதான். ஆனால் அண்ணனுடையது பெங்குயின் படம் போட்ட வேறு வகை சிஸ்டம், எதற்கெடுத்தாலும் நீ யார், உனக்கு உரிமை உண்டா என்று கேட்கிற ஜாதி. அதில் பூட்டிய ஃபோல்டரைத் திறப்பது என்றால் முதலில் ஒரு காலி இடத்தில் அதை மவுண்ட் பண்ண வேண்டும், அதாவது ஏற்ற வேண்டும். பத்து நாள் ஏற்றிப் பார்த்தாள். பாஸ்வேர்டு சரி என்றது, அடுத்த வரியிலேயே ஏற்றுகிற இடத்தில் கை வைக்க உனக்குப் பெர்மிஷன் இல்லை என்றது. இடத்தை மாற்றினாள், மெஷினை அணைத்துப் போட்டாள், மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள், அது அசையவில்லை.

பதினோராம் நாள் காலை அறை வாசலில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுத் தோமையம்மாள் நின்றாள். கிளிட்டஸ், ஜஸ்டஸ் என்று இரண்டு பிள்ளைகளையும் அதே புயலில் கொடுத்தவள் அவள், இரண்டு சட்டையையும் ஒரே பெட்டியில் வைத்தவள்.

"என்னட்டி, முகம் இப்படிக் கெடக்கு?"

"அண்ணன் ஃபோல்டரு ஏற மாட்டேங்கு மாமி. பத்து நாளா ஏத்திப் பாக்கேன்."

"ஒத்தைக்கு நின்னு ஏத்தினா எப்படிட்டி ஏறும்? உனக்குக் கூறு இருக்கா?" என்றாள் தோமையம்மாள், சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவுக்குள் போய்விட்டாள்.

குருசடித்துறையில் ஏற்றுவது என்றால் வள்ளத்தைக் கரையேற்றுவது என்று மட்டும்தான் பொருள், வேறு பொருளை அந்த ஊர் கேட்டதே கிடையாது. அங்கே போட்டுகளுக்கு ஸீ லீடர், ஓஷன் ரைடர் என்றெல்லாம் பெயர் இருக்கும்போது ஃபோல்டர் என்றும் ஒன்று இருக்கக் கூடாதா? பத்ரோசின் ஃபோல்டர் கரையேறாமல் கிடக்கிறது, பெல்சி ஒற்றையாய் நின்று மல்லுக்கட்டுகிறாள் என்று செய்தி போன கால் மணி நேரத்தில், பதினாறு பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வடக்கயிறும் தேங்காய்மட்டையுமாக வந்து நின்றார்கள். பெல்சி தலையில் அடித்துக்கொண்டாள். இது வள்ளம் இல்லை என்று அவள் சொல்லச் சொல்லத் தோமையம்மாள் கயிற்றைக் கம்ப்யூட்டர் மேஜையின் காலில் சுற்றி முடிச்சுப் போட்டாள். வந்தது வந்துவிட்டோம், பத்ரோசுக்காக ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவோம் என்று மற்றவர்கள் முற்றம் வரை கயிற்றை நீட்டிப் பிடித்தார்கள். அழுகையும் சிரிப்புமாக பெல்சி பாஸ்வேர்டை இன்னொரு தடவை அடிக்க, வெளியே பதினாறு தொண்டையும் சேர்ந்து ஐலசா என்று ஒரே இழுப்பு இழுக்க, ஃபோல்டர் ஏறிவிட்டது.

ஃபோல்டரோடு கடலும் ஏறியது. மேஜைக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் கிளம்பி, கணுக்கால் உயரம் வந்து நின்றது, வாசற்படியைத் தாண்டவில்லை. பெல்சி ஃபோல்டரை இறக்கினாள், வடிந்துபோனது. மறுபடி ஏற்றினாள், மறுபடி வந்தது. அந்தத் தடவை இழுக்க ஆள் தேவைப்படவில்லை, வழி பழகிவிட்டது போலிருக்கிறது.

கடலில் கிடந்தவர்கள் ஊர்க்காரர்கள், கடலும் அவர்களோடுதான் வரும், இதைப் புரிந்துகொள்ள அந்த ஊருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. வயதானவர்கள் வந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது கரைக்கடல் இல்லை, நாலு நாள் ஓட்டத்தில் இருக்கிற ஆழக்கடல், குளிர் பார்த்தாலே தெரியவில்லையா என்று தீர்ப்புச் சொன்னார்கள். கமிட்டி கூடி, காலைப் பூசைக்குப் பிறகு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஃபோல்டரை ஏற்றலாம், ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லையாதலால் அன்றைக்குக் கடலும் வர வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. பிளக் பாயின்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார்கள், மேஜைக்குக் கீழே செங்கல் வைத்தார்கள். கோயில் உபதேசியாருக்குத்தான் உப்புத் தண்ணீரில் டைல்ஸ் கெட்டுப்போகிறதே என்று ஓயாத புலம்பல். தண்ணீரில் ஒரு கணவாய் மீன் அகப்பட்டது, அது யாருக்கு என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், கடைசியில் அதை ஃபாதர் வீட்டுச் சமையல்கட்டுக்கு அனுப்பிச் சமாதானம் செய்தார்கள். எங்கிருந்தோ ஓர் அதிகாரி வந்து ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்து, நிலத்தடி நீர்க்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார்.

எல்லாம் சரி, குரல் மட்டும் கேட்கவில்லை. ஃபோல்டருக்குள் கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன, தொட்டால் பெர்மிஷன் டினைடு என்றது. உரிமையாளர் என்கிற இடத்தில் பெயரே இல்லை, வெறும் எண்கள். ஏனென்றால் புயலுக்குப் பிறகு டவுனிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் சிஸ்டத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பத்ரோஸ் உண்டாக்கி வைத்திருந்த ஆட்களின் பெயரையெல்லாம் அழித்துவிட்டுப் போயிருந்தான். பெயர் அழிந்தாலும் எண் அழியாது, கோப்பு அந்த எண்ணுக்குரியவனுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். பத்ரோசின் நோட்டைப் புரட்டி பெல்சி கண்டுபிடித்தாள், வென்சிலாஸின் எண் ஆயிரத்து நாற்பத்தேழு.

கம்ப்யூட்டருக்கே எஜமான் ரூட் என்று ஒருவன் உண்டு, அவனுக்குப் பூட்டும் கிடையாது திறப்பும் கிடையாது என்று அவள் படித்திருந்தாள். ரூட்டாகப் போய்க் கேட்டாள். ஏற்றியவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை, ரூட்டுக்கும் இல்லை என்றது மெஷின். "ரூட்டுக்கே ரூட்டு இல்லியா?" என்று வாசலில் நின்ற ஒருத்தி கேட்க, பெல்சி சிரிக்கவில்லை. மற்றவர்களும் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்து ரூட்டாகவே ஏற்றி, கோப்பின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றினாள். பெல்சியாள் என்று வந்தது. தண்ணீர் ஒரு தடவை காலைச் சுற்றி அலைந்து அடங்கியது, திரும்பிப் பார்த்தால் ஆயிரத்து நாற்பத்தேழு. ஒன்பது தடவை மாற்றினாள், ஒன்பது தடவையும் அப்படியே. அண்ணன் சாவியைத் தந்தானே தவிர உரிமையைத் தரவில்லை, தர அவனுக்கும் உரிமை இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பாக்கி இருந்தது ஒரே வழி. அந்த எண்ணில் ஓர் ஆளைப் புதிதாக உண்டாக்குவது, உண்டாக்கி அந்த ஆளாகவே உள்ளே போவது.

மறு வாரம் வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு அதைச் செய்தாள். தோமையம்மாள் பின்னால் தண்ணீரில் நின்றிருந்தாள், பெல்சி முடித்ததும் தன் பிள்ளைகளுடையதைத் திறந்து தர வேண்டும் என்று முதல் ஆளாகச் சொல்லி வைத்திருந்தாள். ஃபாதர் வாசலில். முற்றம் நிறையப் பெண்கள். யூசர் பெயர் என்ற இடத்தில் வென்சிலாஸ், எண் ஆயிரத்து நாற்பத்தேழு, முழுப்பெயர், தொலைபேசி எண், இந்த விவரம் சரிதானா என்று மெஷின் கேட்டது. சரி என்று அடித்தாள். நீ யார் என்று அவள் கேட்டுப் பார்த்ததற்கு வென்சிலாஸ் என்று பதில் வந்தது. ஃபோல்டரை ஏற்றினாள், தண்ணீர் இந்த முறை முழங்கால் வரை வந்தது, கோப்பு திறந்துகொண்டது.

"பத்ரோசு மச்சான், கேக்குதா?"

பதினோரு மாதம் கழித்து அந்தக் குரல். பெல்சிக்கு வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன், உடம்பு முழுக்க ஓடிய சந்தோஷம். ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குது மச்சான், சொல்லு" என்றது பத்ரோசின் குரல்.

"கிழக்க ஒரு துறைமுக வெளிச்சம் தெரியுது. நம்ம ஊரு இல்ல, வேற மாநிலம். உள்ள ஏறட்டுமா? மூணு போட்டும் ஒண்ணாத்தான் நிக்கோம். காத்து சரியில்ல மச்சான்."

"பொறு. கேட்டுச் சொல்லுதேன்."

ஆறு நிமிஷம் காற்றுச் சத்தம். 

"மச்சான், துறைமுகத்துல அனுமதி இல்லங்காவ. மறு உத்தரவு வாற வரைக்கும் வெளியிலேயே நிக்கச் சொல்லுதாவ."

குறுக்கே இன்னொரு போட்டிலிருந்து ஒரு குரல். "அண்ணே, அவங்க கெடக்காங்க, நாம ஏறிருவோம். பிடிச்சு உள்ள போட்டா போடட்டும், உயிராவது கெடக்கும்லா." அது கிளிட்டஸ், தோமையம்மாளின் மூத்தவன்.

"வேண்டாம்ல" என்றான் வென்சிலாஸ். "போன தடவ கேக்காம ஏறினதுக்கு ஆறு மாசம் போட்டையும் ஆளையும் விடல்ல. யாரும் ஏறக் கூடாது. அனுமதி வரட்டும், நிப்போம். நாஞ் சொல்லுதேன்."

"சரிண்ணே." இது ஜஸ்டஸ், சின்னவன். அண்ணே என்று கூப்பிட்டால் அவன் எதற்கும் மறுபேச்சுப் பேச மாட்டான் என்று ஊருக்கே தெரியும்.

"பெல்சிட்ட சொல்லிரு மச்சான், ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்திருவேன்னு."

அப்புறம் நிக்கோம், நிக்கோம் என்று நாலைந்து தடவை சொன்னான், இடையிடையே பத்ரோஸ் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தான், ஒரு கட்டத்தில் பத்ரோஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். கோப்பு முடிந்தது.

தோமையம்மாள் திரும்பி, நனைந்த சேலையைக்கூடப் பிழியாமல், பெண்கள் விலகி வழிவிட, நேரே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தன் பிள்ளைகளின் எண்ணை அவள் கேட்கவில்லை. முற்றத்தில் நின்றவர்களும் ஒவ்வொருத்தியாகக் கலைந்தார்கள். பத்ரோஸ் ஏன் வாயை மூடினான் என்று இப்போது ஊருக்குத் தெரிந்துவிட்டது, அந்த நிமிஷம் அவனை ஊர் மன்னித்தும்விட்டது, ஏனென்றால் அவன் சொன்னது அடுத்தவர்களின் சொல், நிற்கச் சொன்னது வென்சிலாஸின் சொல்.

பெல்சி ஃபோல்டரை இறக்கப் பார்த்தாள். இறக்க முடியாது, உள்ளே ஆள் இருக்கிறது என்றது மெஷின். வென்சிலாஸ் என்ற பெயரிலிருந்து வெளியே வந்து, கோப்பை மூடி, எல்லாவற்றையும் மூடி, மறுபடி கேட்டாள். ஆள் இருக்கிறது. யார் என்று கேட்டதற்கு அந்த ஒரே எண்ணைக் காட்டியது. மெயின் சுவிட்சை அணைத்தும் திரை அணையவில்லை, தண்ணீர் முழங்காலிலேயே நின்றது, பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, வயர்லெஸ் செட்டை மட்டும் கழற்றிப் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தி, அதன்மேல் சாக்கட்டியால் தண்ணீர் உள்ளது என்று எழுதி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் அங்கேயே நின்றது, அன்றைக்குக் கடல் வர வேண்டாம் என்ற தீர்மானத்தை யாரும் எடுத்துக் காட்டவில்லை.

யாரும் பெல்சியை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்துக்கு இடம் விட்டார்கள், விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், ஜெராக்ஸ் எடுக்க அடுத்த ஊருக்கு பஸ் ஏறினார்கள். கொத்தன் இருபத்தெட்டுப் பெயரையும் வெட்டி முடித்துவிட்டு, உளியைத் தீட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் பெல்சி ஃபாதரிடம் போனாள். "பேரு எழுதலாம் ஃபாதர். அவரு செத்துட்டாரு."

"எழுதச் சொல்லிடறேன்மா. இன்னைக்கே."

"மத்த வீட்டுக்காரங்க கிட்ட கேக்கணும் ஃபாதர்."

"அந்தக் கல்லுல பேரு வெட்ட யார் அனுமதியும் வேண்டாம்மா" என்றார் ஃபாதர்.

"வேணும் ஃபாதர். அவரு அனுமதிக்காகத்தானே நின்னாரு" என்றாள் பெல்சி. தோமையம்மாள் வீடு தவிர மற்ற இருபத்தாறு வீட்டுப் படியிலும் ஏறி இறங்கினாள். உன் இஷ்டம் என்றார்கள் சிலர், ஃபாதர் சொன்னால் சரி என்றார்கள் சிலர், தோமையம்மா என்ன சொன்னாள் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

தோமையம்மாள் கடற்கரையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெல்சி வந்து நின்றதும் நிமிரவில்லை, கையால் மீனைப் பரத்திக்கொண்டே இருந்தாள்.

"மாமி."

தோமையம்மாள் அடுத்த கூடை மீனைப் பாயில் கவிழ்த்தாள்.

"அவரு பேரையும் கல்லுல எழுதிக்கிடட்டா மாமி? நீங்க வேண்டாம்னா வேண்டாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தோமையம்மாள் ஒரு பாய் முழுக்கப் பரத்தி முடித்தாள். காக்காய் ஒன்று வந்தது, விரட்டினாள். பிறகு பெல்சியின் முகத்தை நேராகப் பார்த்தாள், அவள் கண்ணில் கோபம் இல்லை, அதுதான் பெல்சிக்குத் தாங்க முடியவில்லை.

"எழுதிக்கோ மக்களே. அவனும் போனவன்தான். எம் பிள்ளையளுக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம். பக்கத்துல நின்னா அவனுவ பொறவும் அவன் பேச்சைத்தான் கேப்பானுவ."

கொத்தன் மற்ற பெயர்களுக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டு, வென்சிலாஸ் என்று வெட்டினான்.

கல்லறைத் திருநாளன்று மாலை ஊர் முழுக்கத் தோட்டத்தில் கூடியிருந்தது, ஒவ்வொரு குழிமேட்டிலும் மெழுகுதிரி, வென்சிலாஸுக்குக் குழி இல்லாததால் பெல்சி தன் திரியைக் கையிலேயே பிடித்திருந்தாள். ஃபாதர் கல்லைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார், ஒவ்வொரு பெயருக்கும் இளைப்பாறட்டும் என்று ஊரே சேர்ந்து சொன்னது, கிளிட்டஸ் என்றதும் சொன்னது, ஜஸ்டஸ் என்றதும் சொன்னது, இருபத்தெட்டுத் தடவை சொல்லி முடித்தது. அந்த நாலு விரல் இடத்தில் ஃபாதர் மூச்சு வாங்கினார், பிறகு வென்சிலாஸ் என்று வாசித்தார். பெல்சி ஒருத்தியின் குரல்தான் கேட்டது.